காட்சிமேடையும் கடற்கரைச் சாலையும்: அவுஸ்திரேலியப் பெருங்கடற் சாலை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

நிலக்காட்சி என்பது இயற்கையாகவே அமைந்துவிட்ட ஒன்று எனக் கொள்ளும் மனப்பாங்கு இன்றும் நம்மிடையே வலுவாகவே உள்ளது. மலையும் கடலும் வானமும் மனிதன் தோன்றுவதற்கு முன்னரே இருந்தன என்பது உண்மையே. ஆனால் அவற்றை ஓரிடத்தில் நின்று, கைப்பிடிக் கம்பியிற் சாய்ந்தவாறு, 'காட்சி' எனக் கண்டு மகிழும் செயல் வரலாற்றிற் பிந்தியே தோன்றியது. அதற்கு முதலிற் சாலை வேண்டும்; சாலையில் ஓடுவதற்கு வாகனம் வேண்டும்; வாகனத்திற் செல்வதற்குப் பணமும் ஓய்வு நேரமும் வேண்டும். இவையனைத்தும் குறிப்பிட்டதொரு சமூக அமைப்பு தோற்றுவித்தவை. இவற்றை நீக்கிவிட்டுக் காட்சியை மாத்திரம் பேசுவது, விளைந்த வயலைப் பாடி உழுதவனை மறந்துவிடும் செயலை ஒத்ததாகும்.

ஆங்கில மார்க்சிய விமர்சகரான றேமண்ட் வில்லியம்ஸ் 1973ஆம் ஆண்டு வெளிவந்த 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் நூலில், நிலக்காட்சி என்ற எண்ணக்கருவே நிலத்தில் உழைப்பவனிடமிருந்து விலகி நிற்கும் பார்வையாளன் ஒருவனை வேண்டிநிற்பது என்ற கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். அவர் ஆராய்ந்தது இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தையும் அதைப் பாடிய இலக்கியத்தையுமாகும். அவருடைய நோக்கை அடியொற்றி, அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலுள்ள கடற்கரைக் காட்சிமேடை ஒன்றையும் அதன் கீழே செல்லும் சாலையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மேடையிலிருந்து தெரிவது

மெல்பேணிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில் லோர்ண் என்னும் கடற்கரைச் சிற்றூர் உள்ளது. உறவினரைக் காணச் சென்றிருந்தபோது வாடகைக்கு எடுத்த காரொன்றில் இவ்வூருக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. காரை நாமே செலுத்திச் சென்றோம். அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கத்திலேயே செல்வதால் இலங்கையருக்குச் சிரமம் அதிகமில்லை. வலப்பக்கம் செலுத்திப் பழகிய பிறநாட்டவர்க்காக, 'அவுஸ்திரேலியாவில் இடப்பக்கமே செலுத்துக' என்ற அறிவித்தல்கள் வழிநெடுகிலும் காணப்படுகின்றன.

லோர்ண் ஊருக்கு மேலே, காட்டு மரங்களுக்கிடையே அமைந்துள்ளது 'ரெடீஸ் லுக்அவுட்' எனப்படும் காட்சிமேடை. விளம்பரங்களிற் பெரிதும் இடம்பெறுவது இதற்கு மேற்கே போர்ட் கம்பலுக்கு அருகிலுள்ள 'பன்னிரு அப்போஸ்தலர்' என்னும் சுண்ணக்கற் பாறைத் தூண்களே. எனினும் வரலாற்று மாணவனுக்கு ரெடீஸ் லுக்அவுட் தரும் படிப்பினை பெரிது. பாறைத் தூண்களைக் காண்பவன் கடலின் வேலையைக் காண்கிறான். இந்த மேடையில் நிற்பவனோ மனிதரின் வேலையைக் காண்கிறான். சென். ஜோர்ஜ் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அதனைக் கடந்து செங்குத்தான மலைச்சரிவின் விளிம்பில் வளைந்து வளைந்து செல்லும் சாலையும் கீழே ஒருங்கே தெரிகின்றன. அங்கு நின்றோர் அனைவரும் தம் படக்கருவிகளைத் திருப்பியது அச்சாலையின் வளைவை நோக்கியே. காட்சியின் நடுப்பொருளாக விளங்குவது சாலையே. அதனை ஆக்கியவர் எவர், எத்தகைய நிலைமையில் ஆக்கினர் என்னும் வினாக்கள் இவ்விடத்திலேயே எழுகின்றன.

2. சாலையின் பொருளாதார அடித்தளம்

'கிறேற் ஓஷன் றோட்' எனப்படும் பெருங்கடற் சாலை, ரோர்க்கியிலிருந்து அலன்ஸ்ஃபோர்ட் வரை 243 கிலோமீற்றர் நீளமுடையது. இதில் மலைச்சரிவை உடைத்துக் கடலோரமாக அப்பலோ பே வரை அமைக்கப்பட்ட பகுதியே நமது ஆய்வுக்கு உரியது. 1919 செப்டெம்பர் 19ஆந் திகதி தொடங்கிய அவ்வேலை 1932 நவம்பரில் நிறைவெய்தியது.

இக்காலப்பகுதி மனங்கொள்ளத் தக்கது. முதலாம் உலகப் போருக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் மடிந்தனர். அன்று அந்நாட்டின் மொத்தக் குடித்தொகை ஐம்பது இலட்சத்தையும் எட்டியிருக்கவில்லை. 1916, 1917 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற இரு பொதுசன வாக்கெடுப்புகளிலும் மக்கள் கட்டாய ஆட்சேர்ப்பை நிராகரித்தனர். 1917இல் ருஷியாவில் தொழிலாளர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1919இல் அவுஸ்திரேலியத் துறைமுகங்களிலும் கப்பல்களிலும் சுரங்கங்களிலும் பெரும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. இத்தகைய சூழ்நிலையில், ஆயுதப் பயிற்சி பெற்ற பல்லாயிரம் இளைஞர் வேலையின்றி நகரங்களுக்குத் திரும்புவது ஆளும் வர்க்கத்துக்கு மன அமைதி தரக்கூடியதாக இருக்கவில்லை.

திரும்பிவரும் படையினரைக் கொண்டு மேற்கு மாவட்டத்திற் சாலைகளை அமைக்கலாம் என்ற யோசனையை, நாட்டுப்புறச் சாலைகள் சபையின் தலைவராகவிருந்த வில்லியம் கால்டர் போர் முடிவதற்கு முன்னரே முன்வைத்தார். அதனைச் செயற்படுத்த முன்வந்தவர் ஜீலோங் நகர முதல்வரும் வணிகருமான ஹவார்ட் ஹிச்கொக். 1918இல் அவரது தலைமையில் பெருங்கடற் சாலை நிதியம் தனியார் அமைப்பாக உருவாகியது. நன்கொடையாலும் கடனாலும் 81,000 பவுண் திரட்டப்பட்டது. ஹிச்கொக் தம் சொந்தப் பணத்தில் 3,000 பவுண் வழங்கினார். சாலையைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் அறவிட்டுக் கடனைத் தீர்த்தபின் அதனை அரசுக்குக் கையளிப்பது என்பதே ஏற்பாடு.

ஹிச்கொக்கின் தனிப்பட்ட நேர்மையையோ ஈடுபாட்டையோ ஐயுறுவதற்கு இடமில்லை. தனிமனிதரின் நல்லெண்ணமும் குறிப்பிட்ட பொருளாதார உறவுகளுக்குள்ளேயே தொழிற்படுகின்றது என்பதே இங்கு வற்புறுத்த வேண்டியது. ஒரே சாலை மூன்று தேவைகளை நிறைவு செய்தது: மாண்ட படையினருக்கு அது நினைவுச்சின்னம், மீண்ட படையினருக்கு அது வேலை, அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்த மோட்டார் வாகன உல்லாசப் பயணத்துக்கு அது பாதை. அதுவரை கடல்வழியாகவோ உள்நாட்டுக் கரடுமுரடான பாதை வழியாகவோ மட்டுமே அடையக்கூடியனவாக இருந்த கடற்கரைக் காணிகளின் பெறுமதி சாலையால் உயரும் என்பதும் வெளிப்படை. துயரமும் தொண்டும் மூலதனமும் இவ்வாறு ஒரே பாதையில் இணைந்து நடந்தன.

3. உழைப்பின் வரலாறு

ஏறத்தாழ 3,000 முன்னாட் படையினர் இச்சாலையில் வேலை செய்தனர். கையாற் பிடிக்கும் கருவிகளே அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தன. மண்வெட்டி, பிக்கான், தள்ளுவண்டி, குதிரை வண்டி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டு பாறையை உடைத்தனர். அடர்ந்த காட்டில் நில அளவை வேலையே மாதமொன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் அளவிலேதான் முன்னேறியது. வேலையின்போது சிலர் உயிரிழந்தனர். பீரங்கி முழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர்கள் மீண்டும் வெடியோசைக்கு நடுவே வாழ நேர்ந்தமையை வரலாற்றின் முரண் எனலாம்.

நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலைக்கு 10 சிலிங் 6 பென்ஸ் கூலி. சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை. எட்டு மணி நேர வேலைநாள் எவரும் இரங்கி வழங்கிய சலுகையன்று என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். 1856இல் மெல்பேண் கற்றச்சர்கள் வேலையை நிறுத்திப் பெற்றுக்கொண்ட உரிமை அது. அப்போராட்டத்தின் பயனை இரு தலைமுறைக்குப் பின்னர் இந்த மலைச்சரிவில் வேலை செய்தோரும் அனுபவித்தனர்.

தொழிலாளர் கூடாரங்களில் வாழ்ந்தனர். உணவுக்குக் கிழமையொன்றுக்குப் பத்துச் சிலிங் வரை செலவாயிற்று. அதாவது, ஏறக்குறைய ஒருநாட் கூலி வயிற்றுக்கே சென்றது. முகாமிற் பியானோவும் கிராமபோனும் செய்தித்தாள்களும் சஞ்சிகைகளும் இருந்தன. 1924இல் 'கசீனோ' என்னும் நீராவிக் கப்பல் பாறையில் மோதியபோது பாரத்தைக் குறைக்கும் பொருட்டு 500 பீப்பாய் பியரையும் 120 பெட்டி மதுவகைகளையும் கடலிற் கொட்டியது. அவை முகாமுக்கு அருகே கரையொதுங்கியதால் வேலை இரண்டு கிழமைகள் நின்றுபோயிற்று. சுற்றுலாக் கையேடுகள் விரும்பி எடுத்துரைக்கும் வேடிக்கைக் கதையாக இது இன்று நிலைத்துள்ளது. ஆனால் இக்கதைக்குள் மறைந்துகிடக்கும் செய்தி வேறு. விதித்த நேரத்திலிருந்து இரண்டு கிழமை விடுதலையை அம்மனிதருக்குத் தரக் கப்பலொன்று பாறையில் மோத வேண்டியிருந்தது.

ஈஸ்ரேண் வியூவிலிருந்து லோர்ண் வரையான பகுதி 1922 மார்ச்சில் விழாவுடன் திறக்கப்பட்டது. மேலும் வேலை செய்வதற்காக மூடப்பட்டு, அவ்வாண்டு டிசெம்பரிற் கட்டணத்துடன் மீண்டும் திறக்கப்பட்டது. மோட்டார்க் காருக்கு இரண்டு சிலிங். இரண்டுக்கு மேற்பட்ட குதிரைகள் பூட்டிய வண்டிக்குப் பத்துச் சிலிங். இக்கணக்கை இரு முனைகளிலிருந்தும் நோக்கலாம். இரண்டு சிலிங் என்பது சாலையை வெட்டியவனின் ஒருநாட் கூலியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. காரும் இருந்தாலன்றி அக்கட்டணத்தைச் செலுத்தும் பேறும் அவனுக்கு வாய்க்காது. மறுபுறம், பாரமிழுக்கும் குதிரை வண்டிக்குக் காரைவிட ஐந்து மடங்கு கட்டணம். கனத்த வண்டி சாலையைக் கூடுதலாகச் சேதப்படுத்தும் என்பது அதற்குரிய நியாயமாக இருக்கலாம். விளைவு யாதெனில், உழைப்பின் வாகனத்துக்குச் சாலை கடினமாகவும் ஓய்வின் வாகனத்துக்கு எளிதாகவும் அமைந்தது. தாம் உருவாக்கிய பொருள் தம்மை அந்நியரென நடத்தும் நிலையினை மார்க்ஸ் விளக்கியதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. கட்டணம் நீங்கியது 1936 ஒக்டோபர் 2ஆந் திகதி, சாலை அரசுக்குக் கையளிக்கப்பட்ட போதேயாகும்.

4. சாலைக்கு முந்திய மண்

சாலை வெட்டப்பட்ட நிலம் வெறுநிலம் அன்று. ஒற்வே மலைப்பகுதியும் அதன் கடற்கரையும் கடுபனுட் மக்களின் வாழ்நிலமாக விளங்கின. 1845இல் 'கற்றராக்கி' என்னும் குடியேற்றவாசிகள் கப்பல் கிங் தீவருகே உடைந்து ஏறத்தாழ 400 பேர் மாண்டதன் பின்னர், ஒற்வே முனையிற் கலங்கரை விளக்கம் அமைக்கும் முயற்சி தீவிரமடைந்தது. நில அளவையாளர்கள் காட்டினுள் புகுந்தனர். அளவைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கும் முகமாக, 1846இல் சிமைத் என்னும் நில அளவையாளரின் தலைமையிற் சென்றோர் ஏயர் ஆற்றுக்கருகே கடுபனுட் மக்கள் பலரைக் கொன்றனர். 1848இல் கலங்கரை விளக்கம் ஒளிவீசத் தொடங்கியது. கடலிற் சென்றோர்க்கு உயிர்காத்த ஒளி, கரையில் வாழ்ந்தோர்க்கு வாழ்விழப்பின் அடையாளமாயிற்று. மக்கள் அகற்றப்பட்ட பின்னரே அந்நிலம் 'மனிதர் கால்படாத அழகு' எனப் போற்றத்தக்கதாயிற்று என்பது குடியேற்றவாதத்தின் பொதுவான இயல்பாகும்.

இலக்கியமும் இதில் தன் பங்கை ஆற்றியது. றட்யார்ட் கிப்ளிங் 1891இல் லோர்ணுக்கு வந்தார். 1896இல் வெளிவந்த 'ஏழு கடல்கள்' தொகுதியிலுள்ள 'மலர்கள்' என்னும் கவிதையில் லோர்ண் செல்லும் வழியும் அங்குள்ள ஏர்ஸ்கின் ஆறும் இடம்பெறுகின்றன. பேரரசின் ஒவ்வொரு குடியேற்றத்தினதும் மலர்களைத் தெருவிற் கூவி விற்கும் வணிகக் குரலாக அக்கவிதை அமைந்திருப்பது தற்செயலானதன்று. நிலத்தை நினைவாக்கி, நினைவைப் பண்டமாக்கி விற்கும் முறைமை, சாலை வருவதற்கு கால் நூற்றாண்டு முன்னரே கவிதையில் வந்துவிட்டது எனலாம். அக்கவிதையில் மலர்கள் உள்ளன. அம்மலர்களின் பெயரை முதலில் அறிந்திருந்தோர் இல்லை.

சங்க இலக்கியத்திற் பயின்ற கண் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை உணராதிருக்க முடியாது. நெய்தல் எனும்போது கடலும் மணலும் மாத்திரமன்றிப் பரதவரும் உமணரும் வலையும் உப்பும் உடன் வருகின்றன. அங்குக் கருப்பொருளில்லாத முதற்பொருள் முழுமை பெறுவதில்லை. அதனைப் பொற்காலமெனக் கொண்டாடுவது நமது நோக்கமன்று. அச்சமூகத்திலும் ஏற்றத்தாழ்வுகள் உருவாகிக்கொண்டிருந்தன. தொழிலிலிருந்து பிரிக்கப்பட்ட கடற்கரை மனித அனுபவத்தின் இயல்பான வடிவமன்று என்பதை உணர்வதற்கு அவ்வொப்பீடு உதவுகின்றது.

5. ஒரு சொல்லின் பயணம்

'டிகர்' என்னும் சொல்லுக்கு 'தோண்டுபவன்' என்பது பொருள். 1850களில் விக்ரோறியாப் பொன்வயல்களில் மண்ணைத் தோண்டியோரை அது குறித்தது. 1854இல் பலறற் நகரில், யுறேக்கா முற்றுகையரணில், உரிமத் தீர்வைக்கும் அடக்குமுறைக்கும் எதிராக ஆயுதமேந்தியோரும் அவர்களே. முதலாம் உலகப் போரில் அச்சொல் அவுஸ்திரேலியப் படைவீரனைக் குறிக்கலாயிற்று. போரின் பின்னர் சாலை வேலையில் அவன் மெய்யாகவே மீண்டும் தோண்டுபவனானான். கிளர்ச்சிக்காரன், படைவீரன், கூலித் தொழிலாளி ஆகிய மூவரையும் ஒரே சொல் சுமந்துள்ளது. ஆனால் பொதுநினைவு இவர்களுள் நடுவிலுள்ளவனையே பெரிதும் ஏற்றுக்கொண்டது. அரசு விரும்பும் தியாகம் போர்க்களத்துத் தியாகமே என்பதனால் இது நேர்ந்தது.

பெருங்கடற் சாலை 'உலகின் மிகப்பெரிய போர் நினைவுச்சின்னம்' எனப் பாராட்டப்படுகின்றது. 2011இல் அவுஸ்திரேலியத் தேசிய மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. மாண்டோர்க்காக எழுப்பிய சின்னத்தில் மீண்டோரின் உழைப்பு நெடுங்காலம் நிழலிலேயே கிடந்தது. 1932 ஓகஸ்டில், சாலை நிறைவுறுவதற்குச் சில மாதங்கள் முன்னர், ஹிச்கொக் காலமானார். நவம்பரில் நடைபெற்ற திறப்பு விழா ஊர்வலத்தில் ஆளுநரின் வாகனத்தைத் தொடர்ந்து அவருடைய காரும் செலுத்திச் செல்லப்பட்டது. லோர்ணுக்கு அருகே மவுண்ற் டிஃபையன்ஸில் அவருக்கு நினைவுச்சின்னமும் உண்டு. அம்மரியாதைக்கு அவர் உரியவரே. ஆனால் ஈஸ்ரேண் வியூவிலுள்ள நினைவு வளைவின் அருகே தொழிலாளரின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது, சாலை நிறைவுற்று 75 ஆண்டுகள் கழித்து, 2007இலேதான். அச்சிலையின் பெயர் 'டிகர்கள்'. மண்வெட்டியுடன் நிற்கும் அவ்வுருவங்களுக்கு அருகே நின்று பயணிகள் படமெடுக்கின்றனர். முதலாளியின் பெயர் கல்லில் இருக்க, தொழிலாளர் பெயரின்றி வெண்கலத்தில் நிற்பது நமது கால நினைவுகூரலின் வர்க்கப் பண்பை உணர்த்துகின்றது.

6. இன்றைய நிலை

மெல்பேணிலிருந்து வரும் பயணி ஜீலோங் நகரைப் புறவழிச் சாலையால் தவிர்த்துச் செல்லலாம். அந்நகரில் 1925இல் தன் உற்பத்தியைத் தொடங்கிய போர்ட் கார்த் தொழிற்சாலை 2016 ஒக்டோபரில் இயந்திர உற்பத்தியை நிறுத்தியது. காரைச் செலுத்திக் காட்சி காணச் செல்பவன், காரைச் செய்தவனின் மூடிய வாயிலைக் காணாமலே கடந்துவிடுகிறான். நாமும் அவ்வாறே கடந்தோம் என்பதைத் திரும்பி வந்தபின்னரே உணர்ந்தோம்.

மறுமுனையில், லோர்ண் முதலிய ஊர்களில் வீடுகளிற் பெரும்பாலானவை விடுமுறை வீடுகள். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. அவ்வூர்களின் உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலை செய்வோர்க்கு வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது. 2021இல் அப்பிரதேசத்து உள்ளூராட்சி மன்றம் தொழிலாளர் குடியிருப்பு நெருக்கடி நிலவுவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. நூறாண்டுக்கு முன்னர் சாலையை வெட்டியவன் கூடாரத்தில் வாழ்ந்தான். இன்று அச்சாலையின் வருவாய்க்கு உழைப்பவனுக்கும் அங்கு உறைவிடம் உறுதியில்லை.

ஆயினும் வரலாறு ஒரே திசையிற் செல்வதன்று. 2020இல் விக்ரோறியா நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெருங்கடற் சாலைப் பாதுகாப்புச் சட்டம், இக்கடற்கரையை உயிருள்ள ஒருங்கிணைந்த முழுமையாக ஏற்றுக்கொண்டது. 2023 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம், இக்கடற்கரையின் பெரும்பகுதி உட்பட்ட நிலப்பரப்பில் ஈஸ்ரேண் மார் மக்களின் பூர்வீக உரிமையை அங்கீகரித்தது. கடுபனுட் வழித்தோன்றல்கள் அம்மக்களுள் அடங்குவர். பூர்வீக உரிமை என்பது நிலவுடைமையை மீளக் கையளிப்பதன்று. அதன் எல்லைகள் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. எனினும் 'வெறுநிலம்' என்ற கற்பிதத்துக்கு அந்நிலத்திலேயே கிடைத்த மறுப்பு என்ற வகையில் அது முக்கியமானது. நெடுங்காலப் போராட்டமே அதனைப் பெற்றுத்தந்தது என்பதும் எட்டு மணி நேர வேலைநாளோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், அழகை அனுபவிப்பது குற்றம் என்ற முடிவுக்கு எவரும் வரவேண்டியதில்லை. உழைக்கும் மக்களுக்கு ஓய்வும் கடற்காற்றும் அழகும் உரியன என்பதற்காகவே எட்டு மணி நேர வேலைநாளுக்குப் போராட வேண்டியிருந்தது. அழகைத் தனியுடைமையாகவும் பண்டமாகவும் ஆக்கும் உறவுகளே கண்டனத்துக்குரியவை.

ரெடீஸ் லுக்அவுட்டில் நாம் நின்ற மாலைப்பொழுதிற் கடல் அமைதியாக இருந்தது. கீழே வாகனங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக அந்த வளைவைக் கடந்தன. அவ்வளைவு ஒவ்வொரு அடியும் ஒருவன் பாறையில் ஊன்றிய பிக்கானின் அளவு எனவும், அப்பாறை அதற்கு முன்னர் வேறொருவரின் ஊர் எனவும் அறிந்தபின்னும் காட்சியின் அழகு குறைந்துவிடவில்லை. அதற்கு உரியோர் யாவர் என்பது மட்டும் தெளிவாயிற்று. காட்சியைக் காண்பதோடு நின்றுவிடாது அதனை ஆக்கியோரையும் இழந்தோரையும் சேர்த்துக் காண்பதே வரலாற்றுப் பார்வையின் கடமையாகும்.